நாடியைக் கொஞ்சம் தூக்குங்க

ஸ்டூடியோ வேலை என்பது பாதி விளக்கைச் சரிப்படுத்துவது, மீதி அந்த விளக்குக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவரைச் சமாதானப்படுத்துவது.

உங்களுக்கு இது தெரியாததல்ல. அடையாள அட்டைக்கோ, பாஸ்போட்டுக்கோ, கல்யாணத்துக்கோ வாழ்க்கையில் ஒருமுறையாவது ஒரு ஸ்டூடியோ முக்காலியில் உட்கார்ந்து அவதிப்பட்டிருப்பீர்கள். கண்ணைக் குத்துகிற விளக்கு, கழுத்துக்குள் இறங்கும் பவுடர், போதாததற்கு "நாடியைக் கொஞ்சம் தூக்குங்க, ஐயோ அவ்வளவு வேணாம், சிரிங்க, பல்லு தெரியாம" என்று இருட்டுக்குள்ளிருந்து ஒரு குரல். இரத்தினபுரிப் பக்கம், தோட்டங்களுக்கு நடுவே உள்ள கஹவத்தையில், பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், ஒரு பேக்கரிக்கும் ஒரு சலூனுக்கும் நடுவில் இருந்த ஸ்டூடியோவில் அந்தக் குரல் என்னுடையது.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கல்யாணம் முடித்து அங்கே வந்தபோது, பெண்களுக்குப் பொட்டு வைப்பதும் சேலை மடிப்பைச் சரிசெய்வதும்தான் என் வேலை. படம் எடுத்தது என் வீட்டுக்காரர். ஆனால் அவருக்குப் பிடித்த இடம் படம் கழுவுகிற இருட்டறை. ஆட்களோடு பேசுவதென்றால் அவருக்குக் காய்ச்சல் வந்த மாதிரி. "நீயே அவங்களப் பேசி உக்கார வையேன்" என்றார். பிறகு "அந்த லைட்டையும் கொஞ்சம் தள்ளி வையேன்" என்றார். கடைசியில் கேமராவும் என் கைக்கு வந்துவிட்டது. அந்த வருஷங்களில் நான் பட்டதும் என்னிடம் மற்றவர்கள் பட்டதும் இங்கே கொஞ்சம்.

இருட்டுப் பக்கத்துக் காது

என் வீட்டுக்காரர் ஒருமுறை இரத்தினபுரிக்கு ஃபில்ம் வாங்கப் போனவர், ஒரு பழைய வெளிநாட்டுப் படப் புத்தகத்தையும் வாங்கி வந்தார். அதில் இருந்த முகங்களைப் பார்த்து நான் மயங்கிப் போனேன். ஒரே ஒரு விளக்கு, ஒரு பக்கத்தில், தலைக்குக் கொஞ்சம் மேலே. முகத்தில் பாதி வெளிச்சம், பாதி நிழல். நிழல் பக்கத்துக் கன்னத்தில், கண்ணுக்குக் கீழே மட்டும் ஒரு சின்ன முக்கோணம் போல வெளிச்சம் விழுந்திருக்கும். அதுவரை நாங்கள் எல்லாரையும் இரண்டு விளக்குக்கும் நடுவில் வைத்து, சுவரில் ஒட்டிய மாதிரித் தட்டையாகத்தான் எடுத்துக்கொண்டிருந்தோம்.

அடுத்து வந்து மாட்டியவர் பெல்மதுளைப் பக்கத்துத் தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்குகிற பெரிய கங்காணி. வேலையிலிருந்து ஓய்வு பெறுகிறார், வீட்டில் மாட்டப் பெரிதாக ஒரு படம் வேண்டும் என்று மனைவியோடு வந்திருந்தார். முறுக்கு மீசை, கோட்டு, தலைப்பாகை. இப்படி ஒரு முகம் இனிக் கிடைக்காது என்று ஒரு விளக்கை அணைத்துவிட்டு மற்றதைப் பக்கவாட்டில் உயர்த்தினேன். முக்கோணம் விழுகிற வரைக்கும் அந்த மனுஷனை அங்கே திருப்பி, இங்கே திருப்பி, கழுத்து சுளுக்கிக்கொள்ளும் அளவுக்குப் படுத்திவிட்டேன். படம் கழுவி வந்தபோது, ஒரு ராஜா இருட்டுக்குள்ளிருந்து எட்டிப் பார்ப்பது போல இருந்தார்.

வாங்க வந்த அன்று கங்காணி படத்தைப் பார்த்து மீசையைத் தடவிக்கொண்டார். அவருக்குப் பிடித்துவிட்டது. மனைவி வாங்கிப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். மிச்சம் அந்தப் பக்கத்தில் இருக்குமோ என்பது போலத் திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தார். பிறகு என்னிடம் நீட்டிச் சொன்னார்: "தங்கச்சி, நான் சொல்றதக் கொஞ்சமாச்சும் கேக்குற காது அந்த இருட்டுப் பக்கத்துலதான் இருக்கு. அதையும் வெளிச்சத்துக்குக் கொண்டாந்து குடுங்க."

ரெண்டு போட்டோ

றக்வானைக்கு மேலே உள்ள ஒரு தோட்டத்திலிருந்து ஒரு தாயும் மகளும் வந்தார்கள். மகள் பெயர் யோகேஸ்வரி. கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுப் போகிற பிள்ளைக்காம்பராவில் வேலை செய்தாள். நல்ல கறுப்பு, நல்ல களை. மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பப் படம் வேண்டும். தாய் என்னைத் தனியாக இழுத்து, "லைட்ட நல்லா போட்டுப் புள்ளைய வெளுப்பாக் காட்டுங்க. போட்டோவப் பாத்துட்டே ஏற்கனவே ஒரு எடம் தட்டிப் போச்சு" என்றார்.

வெளுப்பாகக் காட்டுவது பெரிய வித்தை இல்லை. இரண்டு விளக்கையும் நேராக முகத்தில் அடித்து, மடியில் தெர்மோகோல் மாதிரியான ஒரு வெள்ளை ரெஜிபோம் மட்டையை வைத்து, கேமராவின் கண்ணைக் கொஞ்சம் கூடுதலாகத் திறந்துவிட்டால் யாரும் வெளுத்துவிடுவார்கள். மூக்கு காணாமல் போகும், அவ்வளவுதான். அப்படியே எடுத்தேன். தாய், பஸ் நேரம் கேட்டு வருகிறேன் என்று வெளியே போனார். மகள் முக்காலியை விட்டு எழும்பவில்லை. "அக்கா, இன்னொன்னு எடுங்க. நான் இருக்குற மாதிரி. இத அனுப்பிட்டு, அவுங்க வந்து நேர்ல பாக்குறப்ப நான்தானே பொய் சொன்ன மாதிரி நிக்கணும்" என்றாள்.

முகத்தைக் கழுவி வரச் சொன்னேன். பவுடர் போடவில்லை. கன்ன எலும்பின்மேல் தேங்காயெண்ணெய் ஒரு பொட்டுத் தடவினேன். ஒரு விளக்கை மட்டும் பக்கவாட்டில், கொஞ்சம் பின்னுக்குத் தள்ளி, வெள்ளைத் துணிக்குப் பின்னால் வைத்தேன். கறுத்த முகத்துக்கு வெளிச்சத்தை அள்ளிக் கொட்டக் கூடாது, ஓரமாகத் தொட்டுவிட்டால் போதும் என்று அன்றைக்குத்தான் எனக்கே புரிந்தது. நெற்றி, கன்னம், நாடி என்று ஒரு மினுமினுப்பான கோடு இறங்கியது. கண் இரண்டும் அப்படித் துலங்கின. படம் வாங்க வந்தபோது தாய் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். மகள்தான் இரண்டாவதை எடுத்துக் கடித உறைக்குள் போட்டாள்.

கொஞ்ச நாள் கழித்து, பலாங்கொடையில் இரும்புக் கடையொன்றில் வேலை செய்கிற ஒரு இளைஞர் வந்தார். சட்டைப் பையிலிருந்து யோகேஸ்வரியின் படத்தை எடுத்து மேசையில் வைத்தார். ஓரமெல்லாம் மடிந்து போயிருந்தது. அவரும் கறுப்புத்தான். கூச்சத்தோடு சொன்னார்: "இவுங்களுக்குப் போட்ட அதே லைட்டுல எனக்கும் ஒன்னு எடுங்கக்கா. ரெண்டையும் ஒன்னா மாட்டப் போறோம்."

சுவரைப் பார்க்கிற விளக்கு

முனியாண்டி என்பவர் றப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறவர். நாற்பதைத் தாண்டிய ஆள். அடையாள அட்டைக்குப் படம் எடுக்க மனைவியோடு வந்தார். இருக்கிற படங்களிலேயே சுலபமானது அதுதான்: நேராகப் பார்க்க வேண்டும், இரண்டு காதும் தெரிய வேண்டும், பின்னால் நிழல் விழக் கூடாது. ஆனால் நான் விளக்கைப் போட்டதும் அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டார். திறக்கச் சொன்னால் திறப்பார், வெளிச்சம் பட்டதும் மூடிவிடும். மூன்று எண்ணும்போது திறங்க என்றேன். இரண்டிலேயே எடுத்துப் பார்த்தேன். ஒன்றும் சரிவரவில்லை. அவருக்கு வியர்த்துக் கொட்டியது. "மன்னிச்சுக்குங்க, மன்னிச்சுக்குங்க" என்று என்னிடம் சொல்லிக்கொண்டே இருந்தார். எனக்குத்தான் வெட்கமாகப் போய்விட்டது.

மனைவி மெதுவாகச் சொன்னார். கொழும்பில் கடையில் நிற்கிற தம்பியைப் பார்க்கப் போன இடத்தில், வழியில் சோதனைச் சாவடியில் பஸ்ஸை நிறுத்தி எல்லாரையும் இறக்கியிருக்கிறார்கள். இவரிடம் அடையாள அட்டை இல்லை. ஓரமாக நிறுத்தி, முகத்தில் டோர்ச் அடித்து, அடித்தபடியே கேள்வி கேட்டிருக்கிறார்கள். சிங்களம் இவருக்கு நன்றாகவே தெரியும், பயத்தில் ஒரு சொல்லும் வரவில்லை. தோட்டத்திலிருந்து ஆள் போய்ச் சொன்ன பிறகுதான் விட்டிருக்கிறார்கள். அதிலிருந்து முகத்துக்கு நேரே எந்த வெளிச்சம் வந்தாலும் கண் தானாக மூடிக்கொள்கிறதாம். "இனி அப்பிடி ஆகக் கூடாதுன்னுதான் இந்தக் கார்டே எடுக்க வந்தோம்" என்றார்.

நான் இரண்டு விளக்கையும் அணைத்தேன். அவற்றைத் தூக்கி, அவருக்கு முதுகைக் காட்டும்படி திருப்பி, எதிரே கேமராவுக்குப் பின்னால் இருந்த வெள்ளைச் சுவரில் அடித்தேன். சுவரில் பட்டுத் திரும்பிய வெளிச்சம் அறை முழுவதும் பால் ஊற்றினாற்போலப் பரவியது. எங்கிருந்து வருகிறதென்றே தெரியாத வெளிச்சம், யாரையும் குத்தாத வெளிச்சம். முனியாண்டி ஒரு கண்ணைத் திறந்தார். பிறகு மற்றதையும். விளக்கையும் சுவரையும் மாறி மாறிப் பார்த்தார். முதுகு நிமிர்ந்தது. நான் எடுத்துவிட்டேன். முதல் தடவையிலேயே சரியாக விழுந்தது. அதற்குப் பிறகு பயந்த முகம் யார் வந்தாலும் என் விளக்கு சுவரைத்தான் பார்க்கும். எழும்பும்போது அவர் மனைவியிடம் சொன்னார்: "இந்த லைட்டு என்னையப் பாக்கல்ல, செவுத்தத்தான் பாக்குது. அப்ப எனக்கு என்ன பயம்?"

மெலிந்த மேடம்

தோட்டப் பாடசாலையின் பெரிய சேர், அதாவது தலைமை ஆசிரியரான அதிபர், ஓய்வுபெறப் போகிறார் என்று பிள்ளைகள் அவரைப் படம் எடுக்க அனுப்பி வைத்தார்கள். அவருடைய மூக்குக் கண்ணாடி போத்தல் அடி மாதிரித் தடிப்பு. எந்தப் பக்கம் திருப்பினாலும் கண் இருக்கவேண்டிய இடத்தில், விளக்குக்கு மாட்டியிருந்த வெள்ளைக் குடை இரண்டும்தான் தெரிந்தன. விளக்கை மேலே ஏற்றிப் பார்த்தேன், சேரின் தலையைக் கீழே இறக்கிப் பார்த்தேன். கண்ணாடி இல்லாமல் எடுக்கலாம் என்றால், "கண்ணாடி இல்லாட்டி பிள்ளைகளுக்கு என்னைத் தெரியாது" என்று மறுத்துவிட்டார்.

கடைசியில் என் வீட்டுக்காரர் இருட்டறையிலிருந்து வந்து, ஒரு சின்னத் திருப்புளியால் கண்ணாடி இரண்டையும் கழற்றி எடுத்துவிட்டு வெறும் பிரேமை மட்டும் சேருக்கு மாட்டினார். அருமையாக இருந்தது. இப்போது கண் தெரிகிறது, ஆனால் அந்தக் கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. "சேர், என்னையப் பாருங்க, சிரிங்க" என்றேன். சேர் மிகுந்த அன்போடு சிரித்தார், மூலையில் நின்ற விளக்குக் கம்பத்தைப் பார்த்து. "அது இல்ல சேர், நான் இங்க நிக்கிறேன்" என்றேன். சேர் திடுக்கிட்டுக் குரல் வந்த பக்கம் திரும்பினார்: "அதுதான் நீங்கன்னு நெனச்சேன் மேடம். இவ்வளவு மெலிஞ்சுட்டாங்களேன்னு கவலையாப் பாத்துக்கிட்டிருந்தேன்."

கல்லும் ஹாஜியாரும்

பெல்மதுளையில் மாணிக்கக் கல் வியாபாரம் செய்த ஹாஜியார் ஒருவர், மகளோடு காரில் வந்து இறங்கினார். விரலில் ஒரு மோதிரம். அதில் சாம்பல் கலந்த நீலத்தில் ஒரு நட்சத்திரக் கல். வெயிலில் பிடித்தால் கல்லுக்குள் ஆறு கால் உள்ள ஒரு நட்சத்திரம் எழுந்து மிதக்கும். அவர் வாப்பா காலத்துக் கல், எவ்வளவு கேட்டும் விற்கவில்லையாம். தன் முகமும் அந்த நட்சத்திரமும் ஒரே படத்தில் தெரிய வேண்டும் என்றார். அதென்ன பெரிய வேலை என்று நானும் குடை விளக்கு இரண்டையும் போட்டேன். ஹாஜியார் கையை நாடிக்குக் கீழே வைத்துக் கம்பீரமாக உட்கார்ந்தார். மோதிரத்தைப் பார்த்தவர் பதறிப் போனார். "யா அல்லாஹ், நட்சத்திரத்தக் காணல்ல!"

உண்மைதான். கல் மங்கலான கோலிக்குண்டு மாதிரி இருந்தது. வெளியே ஓடிப்போய் வெயிலில் காட்டினார், நட்சத்திரம் வந்தது. உள்ளே வந்தார், போய்விட்டது. பிறகுதான் எனக்கு விளங்கியது. குடையிலிருந்து வருகிற மிருதுவான வெளிச்சம் எல்லாப் பக்கமும் பரவுகிறது. அந்தக் கல்லுக்கு வேண்டியது ஒரே இடத்திலிருந்து நேராக விழுகிற கூர்மையான வெளிச்சம். சரி என்று குடைகளை அணைத்து, தலைக்கு மேலே ஒரு வெறும் பல்பைப் போட்டேன். நட்சத்திரம் ஜொலித்தது. ஹாஜியாரின் கண் இருந்த இடத்தில் இரண்டு குழி, மூக்குக்குக் கீழே நிழலால் ஒரு கறுப்பு மீசை. கல்லுக்குப் பிடித்த வெளிச்சம் மனுஷனுக்குப் பிடிக்கவில்லை, மனுஷனுக்குப் பிடித்தது கல்லுக்குப் பிடிக்கவில்லை.

இருவருக்கும் தனித்தனியாகச் சமைக்க வேண்டியதாகிவிட்டது. முகத்துக்கு ஒரு குடை விளக்கு. அந்த வெளிச்சம் கைக்கு இறங்காதபடி நடுவில் ஒரு கறுப்பு மட்டையைக் கட்டித் தொங்கவிட்டேன். ஒரு டோர்ச்சின் வாயில் கடதாசியைக் கூம்பாகச் சுற்றி, மகளின் கையில் கொடுத்து, மோதிரத்தில் மட்டும் அடிக்கச் சொன்னேன். மட்டையை இம்மி இம்மியாக இறக்கி, டோர்ச்சை இம்மி இம்மியாக ஏற்றி, முழுக் காலையும் அதிலேயே போய்விட்டது. நட்சத்திரம் நகர்ந்துவிடும் என்ற பயத்தில் ஹாஜியார் மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு விறைத்துப்போய் உட்கார்ந்திருந்தார். டோர்ச்சைப் பிடித்துப் பிடித்துக் கை கடுத்துப்போன மகள் சொன்னாள்: "வாப்பா, கல்லு வடிவா சிரிக்கிது. நீங்கதான் கல்லு மாதிரி இரிக்கிறீங்க."

சாம்பிராணிப் புகை

தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்கிற ஒரு இளந்தாரி, சினிமாவில் வருகிற மாதிரி முடியைச் சுற்றி வெளிச்சமும் பின்னால் புகையும் வேண்டும் என்று கேட்டு வந்தான். பெயர் ரவி. அவன் முடி அப்படி ஆசைப்படத் தகுந்த முடிதான். முடிக்கு வெளிச்சம் கொடுப்பது எனக்குக் கை வந்த வேலை. ஒரு விளக்கை அவன் முதுகுக்குப் பின்னால் தரையில் வைத்து, பிடரியைப் பார்த்து மேல்நோக்கித் திருப்பினால், ஒவ்வொரு முடியின் ஓரமும் தங்கக் கம்பி மாதிரி எரியும். முகம் இருண்டு போகாமல் இருக்க முன்னால் ஒரு ரெஜிபோம் மட்டையைப் பிடித்தால் போதும். புகைக்கு என்ன செய்வது? சிரட்டைக் கரியைத் தணலாக்கி, அதில் சாம்பிராணியை அள்ளிப் போட்டேன்.

புகை அழகாகத்தான் எழும்பியது. பின் விளக்கு அதில் பட்டு, ரவி மேகத்திலிருந்து இறங்கி வந்தவன் மாதிரி நின்றான். "அக்கா, சூப்பரா இருக்கா?" என்று கேட்டுக் கேட்டு இருமினான். ஆனால் சுவரின் மேலே இருந்த காற்றுத் துவாரம் வழியாகப் புகை பக்கத்துப் பேக்கரிக்குள் போனதை நாங்கள் யாரும் கவனிக்கவில்லை. "கினி! கினி!" என்று சிங்களத்தில் ஒரு அலறல். நெருப்புப் பிடித்துவிட்டது என்று நினைத்து, பேக்கரி முதலாளி கை நிறைய மாவோடு ஒரு வாளித் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு கதவைத் தள்ளித் திறந்தார். திரைக்குப் பக்கத்தில் புகையும் சிவப்பும் தெரிந்த இடத்தைப் பார்த்து அப்படியே வீசினார். பதற்றத்தில் என் விரல் கேமராவை அமுக்கிவிட்டது.

நல்ல காலம், தண்ணீர் விளக்கில் படவில்லை. தணல் அணைந்தது, ரவி நனைந்து கோழிக்குஞ்சாக நின்றான். முதலாளி தலையில் கை வைத்துக்கொண்டு, "ஐயோ புதா, சமாவென்ன" என்று அவனிடம் மன்னிப்புக் கேட்டு, தன் கடையின் ஒரு முழு ஜேம் பணிஸைக் கையில் திணித்துவிட்டுப் போனார். படத்தைக் கழுவிப் பார்த்தபோது நாங்கள் வாயைப் பிளந்தோம். முடியிலிருந்து தெறித்த ஒவ்வொரு துளியும் பின்னாலிருந்து வந்த வெளிச்சத்தில் முத்து மாதிரி எரிந்துகொண்டிருந்தது, நடுவில் ரவி அதிர்ச்சியில் கண்ணை அகல விரித்து, எந்தக் கதாநாயகனுக்கும் குறையாமல். படத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அவன் சொன்னான்: "அக்கா, அடுத்த மாசம் என் சிநேகிதன் வாறான். முதலாளியையும் வாளியோட ரெடியா இருக்கச் சொல்லுங்க."

மடித்து வைக்கிற பக்கம்

ஒரு வருஷம் மழை சரியாகப் பெய்யாமல் நாடு முழுக்க முறை வைத்துக் கரண்டை வெட்டினார்கள். எங்கள் முறை பகலில். இருட்டறை உண்மையிலேயே இருட்டறையாகக் கிடந்த ஒரு நாளில், மலர் என்ற பெண் கைக்குழந்தையும் கணவனுமாக வந்து நின்றாள். மறுநாள் வெளிநாட்டுக்கு வீட்டு வேலைக்குப் புறப்படுகிறாள். கூடவே எடுத்துப் போகக் குழந்தையோடு ஒரு படம் வேண்டும். கரண்ட் இல்லை, பின்னேரம் வாங்க என்று எப்படிச் சொல்வது? அவர்கள் மலைக்குத் திரும்புகிற பஸ் அதற்குள் போய்விடும்.

பின்வாசலுக்குக் கூட்டிப் போனேன். கிணற்றடிக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு துண்டு நிழல் இருந்தது. அங்கே உட்கார ஒரு வாங்கைப் போட்டு, பின்னால் சேலையைத் திரையாகக் கட்டினேன். ஆனால் நிழலுக்குள் முகம் செத்துப்போய் இருந்தது. வெளிச்சம் எல்லாம் கூரைக்கு மேலே, எட்டாத வெயிலில். பக்கத்துச் சலூன்காரர் பியதாச, கரண்ட் இல்லாமல் சும்மா நின்றவர், எட்டிப் பார்த்தார். விஷயத்தைச் சொன்னேன். உள்ளே போய்த் தன் கடையின் பெரிய நிலைக்கண்ணாடியையே கழற்றிக்கொண்டு வந்துவிட்டார். அதை வெயிலில் பிடித்து, வெளிச்சத்தைத் திரும்பவும் எங்கள் பக்கம் அடித்தார். நேராகப் பட்டால் கண் கூசும் என்று நான் நடுவில் ஒரு வெள்ளை பெட்ஷீட்டைக் கட்டித் தொங்கவிட, அதை வடிகட்டி வந்த வெளிச்சம் தாயின் மேலும் பிள்ளையின் மேலும் விழுந்தது. எங்கள் ஸ்டூடியோவின் எந்த விளக்கும் அவ்வளவு நல்ல வெளிச்சம் தந்ததில்லை.

ஆனால் குழந்தை அழுதது. என்ன வேடிக்கை காட்டியும் நிற்கவில்லை. அதைப் பார்த்துத் தாயும் அழத் தொடங்கினாள். கணவன் கிணற்றடியில் திரும்பி நின்றுகொண்டான். பியதாசவின் கை கொஞ்சம் ஆடியிருக்க வேண்டும். கண்ணாடியின் ஒரு மூலையிலிருந்து ஒரு வெளிச்சப் பொட்டு சுவரில் போய்த் துள்ளியது. குழந்தை அழுகையை நிறுத்திவிட்டு அதைப் பார்த்தது. அவர் விளங்கிக்கொண்டு வேண்டுமென்றே கண்ணாடியை அசைத்தார். பொட்டு சுவரில் ஓடியது, சேலையில் ஏறியது, என் தோளில் உட்கார்ந்தது. குழந்தை கையை நீட்டி, பல் இல்லாத வாயைத் திறந்து கெக்கலி கொட்டிச் சிரித்தது. எடுத்துவிட்டேன். தாயின் கன்னத்தில் கண்ணீர் அப்படியே இருந்தது.

கரண்ட் வந்த பிறகு என் வீட்டுக்காரர் அவசரமாகக் கழுவி, காயவைத்து, அன்றைக்கே லொறியில் மலைப்பக்கம் போன தெரிந்தவர் ஒருவரிடம் கொடுத்தனுப்பினார். தாய் அழுதபடி இருக்கிற படம், இன்னொன்று எடுத்திருக்கலாமே என்று எனக்கு மனம் ஆறவில்லை. ஆனால் கிளம்பும்போதே மலர் எனக்கு ஆறுதல் சொல்லிவிட்டுத்தான் போயிருந்தாள்: "புள்ள சிரிச்சது விழுந்துருக்குமில்லக்கா? அது போதும். நான் அழுத பக்கத்த மடிச்சு வச்சுக்கிறேன்."

தம்பியின் தோள்

கம்ப்யூட்டர் வந்த பிறகு எங்களுக்குப் புதிதாக ஒரு வேலை சேர்ந்தது. இறந்துபோனவரின் அடையாள அட்டைப் படத்தைக் கொண்டு வந்து, மாலை போட்டு மாட்டுவதற்குப் பெரிதாக்கித் தரக் கேட்பார்கள். சுண்டுவிரல் நகத்தளவு இருக்கிற முகம். அதற்குக் கோட்டும் டையும் வேறு வேண்டும். நிறைய ஸ்டூடியோக்காரர்கள் ஒரு வெள்ளைக்காரனின் உடம்பில் தலையை ஒட்டிக் கொடுத்துவிடுவார்கள். தலைக்கு ஒரு பக்கத்திலிருந்து வெளிச்சம், உடம்புக்கு மறு பக்கத்திலிருந்து. பார்க்கிறவர்களுக்குக் காரணம் தெரியாது, ஆனால் ஏதோ உறுத்தும்.

செல்லையா என்ற லொறி ட்ரைவர் திடீரென்று மாரடைப்பில் இறந்துபோனார். அவருடைய மனைவியும் கூடப் பிறந்த தம்பியும் படத்தோடு வந்தார்கள். தம்பி கதவோரமே நின்றார். நான் அட்டைப் படத்தைப் பூதக்கண்ணாடியில் வைத்துப் பார்த்தேன். விளக்கு இடப்பக்கம் உயரத்தில் இருந்திருக்கிறது, மூக்கு நிழல் வலது உதட்டைத் தொடுகிறது. அண்ணன், தம்பி இருவருக்கும் ஒரே உடல்வாகு என்று மனைவி சொன்னார். தம்பியைக் கேட்டேன், "உங்க தோளக் கொஞ்சம் குடுக்குறீங்களா?" அவருக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் வந்து முக்காலியில் உட்கார்ந்தார்.

எங்கள் ஸ்டூடியோக் கோட்டை மாட்டிவிட்டு, விளக்கை அதே இடப்பக்கத்தில், அதே உயரத்துக்கு ஏற்றினேன். அவருடைய மூக்கு நிழல் அண்ணனின் மூக்கு நிழல் விழுந்த இடத்திலேயே வந்து விழுந்தபோது, பார்த்துக்கொண்டிருந்த அண்ணி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். அந்த வெளிச்சத்தில் ஒரு நிமிஷம் இருவரும் ஒரே ஆள்தான். எனக்கும் கேமராவுக்குள் பார்க்கக் கண் கலங்கியது. தம்பி அசையாமல் உட்கார்ந்திருந்தார். "நாடியத் தூக்குங்க" என்று நான் சொல்லவில்லை, வெட்டி எடுக்கப் போகிற நாடிதானே.

படம் உறுத்தாமல் வந்தது. தலையும் தோளும் ஒரே வெளிச்சத்தில், ஒரே ஆளாக. மனைவி அதை மடியில் வைத்து, கோட்டுத் தோளை விரலால் தடவினார். தம்பி அப்போதும் கதவோரம்தான் நின்றார். தம்பியின் பக்கம் திரும்பாமலே, எனக்குச் சொல்வது போல அந்த மனைவி சொன்னார்: "மூஞ்சி அவரோடது, தோள் தம்பியோடது. அவரு இருந்தப்பவும் எங்க குடும்பம் இப்பிடித்தாங்க நடந்துச்சு."

இத்தனை வருஷத்தில் ஒருவர்கூட "வெளிச்சம் நன்றாக விழுந்திருக்கிறது" என்று என்னிடம் சொன்னதில்லை, "ஐயோ, நான் இப்பிடியா இருக்கேன்?" என்றுதான் கேட்டார்கள், அதையே பாராட்டாக எடுத்துக்கொள்ளப் பழகியதால்தான் இந்தத் தொழிலில் நிலைத்தேன்.